தற்செயல் விடுப்பு

தமிழ்நாடு அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. அதற்கான விண்ணப்பத்தில் ‘காரணம்’ என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். போன ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, அந்தக் கோட்டின்மேல் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ‘என்னிடம் சிகிச்சையில் இருந்தவர் நேற்று தற்கொலை செய்துகொண்டார், இன்று என்னால் வேலை பார்க்க முடியாது’ என்று எழுதலாம். எழுதினால் அந்தத் தாள் கோப்பில் ஏறும். கோப்பு விசாரணைக் குழுவின் மேசைக்குப் போகும். “டாக்டரே ஒப்புக்கிட்டாங்க பாருங்க” என்று அதில் சிவப்பு மையால் ஒரு கோடு விழும். ஆகவே ‘வயிற்றுப்போக்கு’ என்று எழுதினேன். உடனே கையெழுத்தானது. கண்காணிப்பாளர் போனில் கூப்பிட்டு, “இளநீர் குடிங்கம்மா” என்றுகூடச் சொன்னார்.

மனசுக்கு வருவதும் நோய்தான், வெளியே சொல்ல வெட்கப்படாதீர்கள் என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் மைக் பிடித்தவள் நான். பதினேழு வருடமாக அதுதான் என் பிழைப்பு. எனக்கு என்று வந்தபோது குடலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். குடல் நம்பகமானது. குடலுக்கு எவனும் மெமோ கொடுப்பதில்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. பேசியவர் தன்மையான ஏட்டய்யா. “மேடம், சட்டைப் பாக்கெட்டுல உங்க ஓ.பி. சீட்டு இருந்துச்சுங்க. பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெச்சிருந்தாரு. அடுத்த செவ்வாக்கிழமை வரச்சொல்லி எழுதியிருக்கீங்க.” ரேஷன் கார்டைப் பாதுகாப்பதுபோல அந்தச் சீட்டை நாலாக மடித்து அவர் கவரில் வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். விசைத்தறியில் வேலை. இரண்டு பஸ் மாறி வருவார். கடைசியாக வந்தபோது, “மாத்திரை போட்டா தறியில நிக்கையில தூக்கம் வருமுங்களா?” என்று கேட்டார். அடுத்த வாரம் தறியில் நிற்கப்போகிறவன் கேட்கிற கேள்வி அது. நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். இப்போதும் இரவு இரண்டு மணிக்கு அந்தக் கேள்வியைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். உள்ளே வேறு எதையாவது வைத்துக் கேட்டிருப்பாரோ என்று.

ஏட்டய்யா போனை வைத்த அரைமணி நேரத்தில் மூன்று அழைப்புகள். முதலாவது அலுவலகத்திலிருந்து: “கேஸ் ஷீட் எங்க இருக்கு?” இரண்டாவது, என் பெருமதிப்பிற்குரிய மூத்த மருத்துவர் ஒருவர்: “எல்லாம் எழுதியிருக்கியாம்மா?” மூன்றாவது, உடன்படித்த தோழி. அவள் இப்போது தனியார் மருத்துவமனையில் நல்ல நிலைமையில் இருக்கிறாள். “யார்கிட்டயும் வாயைத் திறக்காத. ஸாரின்னு மட்டும் சொல்லிடாத. ஸாரி சொன்னா கோர்ட்டுல அது ஒப்புதல் வாக்குமூலம்.” மூவரும் என்மேல் பிரியம் உள்ளவர்கள்தான். ‘சாப்பிட்டாயா’ என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏட்டய்யா கேட்டார்.

கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தேனா? எழுதியிருந்தேன். ‘தற்கொலை எண்ணம்: இல்லை.’ இந்த மூன்று சொற்கள்தான் எங்கள் துறையின் காயத்ரி மந்திரம். அதை எழுதினால் நோயாளி பிழைப்பார் என்று யாரும் நம்புவதில்லை. டாக்டர் பிழைப்பார். இதை நாளுக்கு நூறு தடவை கையால் எழுத வைப்பது மனிதவள விரயம் என்பதால் ரப்பர் ஸ்டாம்பு ஒன்று செய்துகொடுக்குமாறு அரசுக்குப் பரிந்துரைக்கிறேன். நீல மை போதும். கூடவே ‘என் உயிருக்கு நான் தீங்கு செய்துகொள்ள மாட்டேன்’ என்று நோயாளியிடம் கையெழுத்து வாங்கும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. பத்து ரூபாய் முத்திரைத்தாளில் வாங்கினால் இன்னும் பலமாக இருக்கும். மீறினால் வாரிசுகள்மீது ஒப்பந்த மீறல் வழக்குப் போடலாம்.

குழு அமைத்தார்கள். மூன்று பேர். ஒருவர் எலும்பு முறிவு, ஒருவர் தோல், ஒருவர் நிர்வாகம். எலும்பு டாக்டர் நல்ல மனிதர், என் மாமியாரின் இடுப்பைச் சரிசெய்தவர். அவர் கேட்டார்: “முன்கூட்டியே ஏதாவது தெரிஞ்சிருக்கணுமேம்மா?” அவருக்கு எக்ஸ்ரே இருக்கிறது. உடைந்தால் வெள்ளைக்குள் கறுப்பாக ஒரு கீறல் தெரியும். என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை. 2017-ல் ஜோசப் ஃபிராங்க்ளினும் சகாக்களும் ஐம்பது ஆண்டு ஆராய்ச்சியை, 365 ஆய்வுகளை, ஒன்றாகக் கொட்டிச் சலித்துப் பார்த்தார்கள். யார் செய்துகொள்வார், யார் மாட்டார் என்று முன்கூட்டிச் சொல்லும் நம் திறமை நாணயம் சுண்டுவதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்று முடித்தார்கள். அரை நூற்றாண்டு உலகம் பூராவும் தேடியும் கிடைக்காத ஒன்றை, நான் செவ்வாய்க்கிழமை ஓ.பி.யில் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்பது குழுவின் எதிர்பார்ப்பு. அப்படியானால் என் பணியிடத்தைக் கிளி ஜோசியருக்குக் கொடுத்துவிடலாம். சம்பளம் குறைச்சல். கிளிக்கு நெல் போதும். கிளி கேஸ் ஷீட் எழுதாது என்பது ஒன்றுதான் குறை.

செவ்வாய்க்கிழமை ஓ.பி. என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு 110 டோக்கன். டாக்டர்கள் இருவர், அதில் ஒருவர் மாற்றுப் பணியில் வேறு ஊரில். எட்டு மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கு முடிக்க வேண்டும். வகுத்துப் பாருங்கள்: தலைக்கு இரண்டு நிமிடம், பதினோரு விநாடி. அந்த நேரத்துக்குள் உட்காரச்சொல்லி, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று கேட்டு, அவர் ‘இல்லைங்க’ என்று சொல்லும்போது குரல் எங்கே இடறுகிறது என்று கவனித்து, மருந்து எழுதி, ஸ்டாம்பையும் குத்த வேண்டும். அவருக்கு நான் ஏழு நிமிடம் கொடுத்தேன். வாசலில் கூச்சல் எழுந்தது. கூடுதலாகக் கொடுத்த ஐந்து நிமிடத்தை யாருடைய தட்டிலிருந்து எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தட்டுக்காரருக்கும் ஒருநாள் ஏதாவது ஆனால், அந்த வழக்கிலும் எதிரி நான்தான்.

குழு இந்த வகுத்தல் கணக்கைக் கேட்கவில்லை. 2019-ல் வெளியான ஒரு கணக்கு ஏற்கெனவே வகுத்துச் சொல்லிவிட்டது: இந்தியாவில் லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர். லட்சம் பேருக்கு முக்கால் டாக்டர். அந்த முக்கால் நான்தான். மீதிக் கால் எங்கே என்று கேட்காதீர்கள். இரண்டு காலும் ஓ.பி. மேசைக்கடியில் மரத்துப்போய்க் கிடக்கின்றன.

‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்று நம் ஊரில் ஒரு பேச்சு. அது தப்பு, ‘ஆயிரம் வேரைக் கொண்டவன்’ என்பதே சரி என்று தமிழாசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகத் திருத்தி வருகிறார்கள். இதயநோய் மருத்துவரிடம் வருகிறவர் இறந்தால் ‘ஆயுசு அவ்வளவுதான்’ என்கிறோம். புற்றுநோய் மருத்துவரிடம் என்றால் ‘அவரும் எவ்வளவோ போராடினார்’. என் நோயாளி இறந்தால் மட்டும் தமிழாசிரியர் திருத்தம் ரத்தாகி, பழைய பாடம் அமலுக்கு வந்துவிடும். ஆயிரம்கூட வேண்டியதில்லை. எனக்கு ஒருவர் போதும்.

இந்த வலி நான் கண்டுபிடித்ததும் இல்லை. 1965-லேயே லாஸ் ஏஞ்சலிஸில் ராபர்ட் லிட்மன், நோயாளியைத் தற்கொலைக்குப் பறிகொடுத்த சிகிச்சையாளர்கள் இருநூறுக்கும் மேற்பட்டோரிடம் பேசி எழுதினார். மனிதர்களாக அவர்கள் எல்லாரையும்போலத்தான் துடித்தார்கள். தொழில்காரர்களாக, பழி வருமே என்று பயந்தார்கள். 1988-ல் அமெரிக்காவில் செம்டாபும் சகாக்களும் எடுத்த கணக்கில் மனநல மருத்துவர்களில் 51 சதவீதத்தினர், உளவியலாளர்களில் 22 சதவீதத்தினர் இப்படி ஒருவரையாவது இழந்திருந்தார்கள். 2000-ல் ஸ்காட்லாந்தில் மூத்த மனநல மருத்துவர்களைக் கேட்டபோது அந்த எண் 68 சதவீதம். இழந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு, தூக்கமின்மை, வீட்டில் எரிந்துவிழுதல். 15 சதவீதத்தினர் சீக்கிரமே ஓய்வுபெற்றுப் போய்விடலாமா என்று யோசித்திருக்கிறார்கள். அவர்களுக்குக் குறைந்தபட்சம் கேட்பதற்கு ஒரு ஆள் வந்தார், ஒரு தாளை நீட்டினார். எனக்கும் தாள் வந்தது. மேலே ‘மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்கத் தவறும் பட்சத்தில்’ என்று இருந்தது.

நானாவது நிரந்தரப் பணி. எங்கள் பிரிவில் ஆலோசகராக ஒரு பெண் இருந்தாள். எம்.எஸ்.டபிள்யூ. படித்தவள், தொகுப்பூதியம், பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஒப்பந்தம். இறந்துபோனவரோடு முழுசாக நாற்பது நிமிடம் உட்கார்ந்து பேசியவள் அவள்தான். அவருடைய மகள் பெயர் அவளுக்குத்தான் தெரியும். செய்தி வந்த அன்று அவள் மருந்துக் கிடங்கில், குளுக்கோஸ் பாட்டில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதாள். அங்கேதான் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் புருஷனிடம் சொல்ல முடியாது. நோயாளி விஷயம் வெளியே போகக் கூடாது என்பது சட்டம், அதை அவள் மதிக்கிறவள். சாவு வீட்டுக்குப் போகவும் முடியாது. போனால் யார் என்று சொல்லிக்கொண்டு நிற்பது? தீட்டு இல்லை, தலைமுழுக்கு இல்லை, பதினாறாம் நாள் இல்லை. ஊர் அங்கீகரிக்காத துக்கம். கென்னத் டோகா என்ற அமெரிக்கர் இதற்காகவே ஒரு சொல்லை உண்டாக்கி, 1989-ல் புத்தகமே போட்டார். நம் அலுவலகத்தில் இதற்குத் தனிச்சொல் தேவைப்படவில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டார்கள், சொல்லும் மிச்சம், செலவும் மிச்சம்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. அதன் 115-ஆம் பிரிவை எங்கள் ஆட்கள் எல்லாரும் மேடையில் பெருமையாகச் சொல்வோம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது அது. நல்ல சட்டம், மனிதத் தன்மை உள்ள சட்டம். அதே பிரிவில் இன்னொரு வரியும் இருக்கிறது, அதை மேடையில் யாரும் சொல்வதில்லை: அப்படி முயன்றவர் மறுபடி முயலாதபடி அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை. என் நோயாளி இரண்டு வருடத்துக்கு முன் ஒருமுறை முயன்று பிழைத்தவர். பராமரிப்பு என்றால் என் இரண்டு நிமிடம் பதினோரு விநாடி. சிகிச்சை என்றால் ஸ்டாக்கில் இருக்கும் மாத்திரை. மறுவாழ்வு என்றால் அதே தறி. கடமையைச் செய்யாத அரசு, கடமையைச் செய்தாயா என்று எனக்கு மெமோ கொடுக்கிறது. அந்த மெமோவைப் படித்து அவர்கள் சிரித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள்.

பத்திரிகை சும்மா இருக்குமா? ‘மனநல சிகிச்சை பெற்று வந்தவர் விபரீத முடிவு.’ எப்படி, எங்கே, எந்தக் கயவாளித்தனமான நுணுக்கத்தோடு என்று நான்கு பத்தி. இப்படியெல்லாம் எழுதக் கூடாது என்று இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019-ல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதை மதித்து, கடைசி வரியில் எறும்பு எழுத்தில் உதவி எண்ணைப் போட்டிருந்தார்கள். மேலே பள்ளம் தோண்டிவிட்டுக் கீழே ‘பார்த்துப் போகவும்’ பலகை. அந்த எண் 14416, டெலி-மானஸ். 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். இந்தப் பக்கத்தைக் கையில் வைத்திருப்பவர் யாராவது அந்த ஏழு நிமிடம்கூடக் கிடைக்காமல் இருந்தால் கூப்பிடுங்கள். இதை மட்டும் நான் கேலியாகச் சொல்லவில்லை. அந்த எண்ணை எடுத்துப் பேசுகிறவருக்கு மறுமுனை சட்டென்று மௌனமாகிவிட்டால், அவர் யாரைக் கூப்பிடுவார் என்பதுதான் எனக்குத் தெரிந்தவரை எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

விசாரணைக்குக் குழு என்னைக் கூப்பிட்டது, ஆலோசகரைக் கூப்பிட்டது, மருந்தாளுநரைக் கூப்பிட்டது, டோக்கன் கொடுக்கும் பையனையும் கூப்பிட்டது. வாரக் கடன் வசூலுக்கு அவர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தவரைக் கூப்பிடவில்லை. நூல் விலை ஏறியதும் பாதித் தறியை நிறுத்திய முதலாளியைக் கூப்பிடவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர், மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். நாட்டில் இறந்தவர்களில் நூற்றுக்கு 26 பேர் தினக்கூலிகள். கூலிக்கு மாத்திரை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தால் அதுவும் எங்கள் கிடங்கில் ஸ்டாக் இருக்காது. பக்கத்துத் தீவு இலங்கை கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்து தற்கொலை விகிதத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தது. அதைச் சாதித்தது எந்த மனநல மருத்துவரின் கூர்மையான பார்வையும் இல்லை, அரசாங்கத்தின் ஒரு கையெழுத்து. ஆனால் கையெழுத்துப் போட வேண்டியவர்களை விசாரிக்க எலும்பு டாக்டருக்கும் தோல் டாக்டருக்கும் அதிகாரம் இல்லை. இருந்தவள் நான், கைக்கெட்டும் தூரத்தில்.

முடிவு வந்தது. ‘ஆவணங்கள் திருப்திகரம்.’ ஆவணங்கள் பிழைத்துக்கொண்டன. கூடவே ஒரு பரிந்துரை: மனநலப் பணியாளர்களின் மன அழுத்தத்தைப் போக்க ஒருநாள் பயிற்சி முகாம். முகாம் நடந்த நாள் செவ்வாய்க்கிழமை. ஓ.பி. நாள். 110 டோக்கன்காரர்களும் வாசலில் நிற்க, நாங்கள் கூட்ட அரங்கில் கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டோம். பயிற்சியாளர் அழகாக உடுத்தியிருந்தார். ‘உங்கள் கவலையை ஒரு பலூனில் கட்டி மேலே விடுங்கள்’ என்றார். விட்டோம். பலூன் மின்விசிறியில் போய்ச் சுற்றிக்கொண்டது (கற்பனைப் பலூன்தான், ஆனால் என்னுடையது அப்படித்தான் போனது). மதியம் வெஜிடபிள் பிரியாணி, தயிர்ப் பச்சடி, மூன்று மணிக்குச் சான்றிதழ். ‘மன அழுத்த மேலாண்மையில் தேர்ச்சி பெற்றார்’ என்று என் பெயருக்குக் கீழே அச்சாகியிருக்கிறது. அக்டோபர் 10, உலக மனநல நாளுக்குக் கோலப்போட்டி உண்டு என்றும் அறிவித்தார்கள். தலைப்பு: ‘நம்பிக்கை’.

அதற்கு முன்பே, பதினாறு கும்பிட்ட மறுநாள், அவருடைய அம்மா வந்தார்.

ஓ.பி. முடிந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, ஸ்டூலில் உட்காராமல் நின்றார். கையில் மஞ்சள் பை. எனக்கு உள்ளங்கை வேர்த்தது. தோழியின் குரல் காதில்: ஸாரி சொல்லிடாத. மூத்தவரின் குரல்: எல்லாம் எழுதியிருக்கியா. ஒரு வக்கீலாவது பின்னால் நிற்கிறாரா என்று நான் வாசலை எட்டிப் பார்த்தேன். இதை எழுதும்போதும் அந்த எட்டிப் பார்த்தல்தான் கண்ணில் நிற்கிறது.

“அம்மிணி, எம்பட பையன் உங்களப் பத்திச் சொல்லுவானுங்க. அந்தம்மா வெடுக்குனு பேசாது, நின்னு கேக்கும்னு.” பையிலிருந்து ஒரு காக்கித்தாள் உறையை எடுத்தார். எங்கள் மருந்தகத்தின் உறை. “பாக்கி மாத்திரைங்க. வூட்டுல வெச்சிருந்தா மனசு ஒரு மாதிரி இருக்குது. குப்பையில போடவும் மனசு வல்ல. வேற யாருக்காச்சும் ஆகுங்களா?”

குழு அப்போது விசாரணையை முடித்திருக்கவில்லை. நோயாளி மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாமல் விட்டிருந்தால் என் தரப்பு பலம் பெறும் என்று எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அந்தத் தாய் என் மேசையில் வைத்தது சாட்சியம் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவர் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்னால் நான் அட்டையை வெளியே இழுத்து எண்ணினேன்.

கொடுத்தது பதினான்கு. ராத்திரிக்கு ஒன்று. செவ்வாய் ராத்திரியிலிருந்து மறுவாரப் புதன் ராத்திரி வரை ஒன்பது. மீதம் ஐந்து இருக்க வேண்டும்.

ஐந்து இருந்தது. ஒரு வேளைகூட அவர் தப்பவிட்டிருக்கவில்லை.

“ஆகுங்களா அம்மிணி?” என்றார் மறுபடியும்.